தேறல்

வெளியே நாற்பத்தாறு. உள்ளே பதின்மூன்று.
ஆகஸ்ட் மாதத்தில் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு
ஜெபல் அலியில் வேலைக்குப் போகிறவன் நான்.
பதினேழாம் அடுக்கு, நான்காம் தட்டு.
பெட்டியின் ஆணியைப் பிடுங்கினால்
படுத்த வாக்கில் பன்னிரண்டு பேர்.

ஷத்தோ வெர்னியாக், 1971.
என்னைவிட எட்டு வயது மூத்தது.
அது இது என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

விற்குமுன் ஒரு தாள் எழுதவேண்டும்.
கழுத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து
எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும்.
கழுத்து என்றால் ஒரு விலை.
மேல்தோள், நடுத்தோள், கீழ்த்தோள்,
தோள் இறங்க இறங்க விலையும் இறங்கும்.
யாரும் திறக்கவில்லை, யாரும் குடிக்கவில்லை.
தக்கை வழியே காற்றுக்குக் கட்டிய வட்டி
அவ்வளவு.

"தேறுமோ, எபனேசர்?"
சூப்பர்வைசர் அருந்தவம், சாவகச்சேரிக்காரர்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கிற குரலில் கேட்பார்.
நம்மிடம் தேறல் என்று ஒரு சொல் இருந்தது
தெளிந்த கள்ளுக்கு.
பரீட்சையில் தேறியதும் காய்ச்சல் தேறியதும்
விசா மெடிக்கலில் என் எக்ஸ்ரே தேறியதும்
அந்தச் சொல்லின் பிள்ளைகள்தான்.
என் வாயில் பட்ட ஒரே வைன்
தூத்துக்குடியில் ராப்போஜனத்துக்குக் கொடுத்தது.
அது சர்க்கரைத் தண்ணீர்.

இன்னொன்று சொல்லவேண்டும்.
இது சுங்கப் பூட்டுக்குள் இருக்கிற கிடங்கு.
தாளின்படி இந்தப் பாட்டில்கள்
இந்த நாட்டுக்குள் இன்னும் வரவே இல்லை.
ஒன்பது வருஷமாய் இங்கேதான் படுத்திருக்கின்றன.
இதற்குள் ஆறு முதலாளிகள்,
ஜெனீவாவில் ஒருவர், பெய்ரூட்டில் ஒருவர்,
மற்றவர்கள் வெறும் எண்கள்.
கைமாறியது என்று எழுதுகிறோம்.
பட்ட கை என்னுடையது மட்டும்.
நான் வந்து பதினொரு வருஷம்.
என் தாள் என்ன சொல்கிறது என்று
இங்கே எழுதப்போவதில்லை.

ஐந்தாவதைத் தூக்கியபோது
ஈய மூடிக்குக் கீழே பிசுக்கென்றது.
டார்ச் வலதுகையில் இருந்தது.
பட்டது இடதுகை ஆள்காட்டி விரல்.

விற்பவரின் ஏஜெண்ட் போனில் கெஞ்சினாள்:
'ஈரத்தின் லேசான தடம்' என்று போடலாமே,
கசிவு என்றா போடவேண்டும்?
அருந்தவம் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"கசிஞ்சதைக் கசிஞ்சதெண்டு எழுதும்."
எழுதினேன்.
தோள்: நடு. கசிவு: உண்டு.
நிறம்: டார்ச் வெளிச்சத்தில் செங்கல்.
கேட்டலாக்கில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள்:
தேவதாரு, சுருட்டு, குதிரைச் சேணம், மழை விழுந்த மண்.
ஒன்றுகூட வாயில் போடுகிற பொருள் இல்லை.

இருபது நிமிஷத்தில் விற்றுப்போனது.
என் சம்பளத்தால் அதை வகுத்துப் பார்த்தேன்,
பாதியில் போன் அணைந்துவிட்டது, நல்லதாயிற்று.
வாங்கியவர் கேட்டது ஒரே கேள்வி:
மரப்பெட்டியில் முத்திரை தெளிவாய் இருக்கிறதா?
பிறகு, அங்கேயே இருக்கட்டும் என்றாராம்.
பதினேழாம் அடுக்கில் அட்டையை மட்டும் மாற்றினேன்.
அதுகள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் சாகுல்.
தொழுகைக்குக் கைகால் கழுவிக்கொண்டு வந்தவன்.
இடதுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.
முறுக்கு நீட்டினான், வலதுகையால் வாங்கினேன்.
"கையில என்னண்ணே, காயமா?"
இல்லை என்றேன். ஆமாம் என்றும் சொல்லியிருக்கலாம்.

அல் கூஸ் திருப்பத்தில் அவன் தூங்கியபின்
முகர்ந்து பார்த்தேன்.
தேவதாருவும் இல்லை, மழையும் இல்லை.
பழைய சாவியின் வாசனை.
நகக்கண்ணில் கருஞ்சிவப்பாய் ஒரு கோடு
வாக்குச்சாவடியில் வைக்கிற மை மாதிரி
அதே கை, அதே விரல்.
பதினொரு வருஷமாய் அங்கே யாரும் எதுவும் வைக்கவில்லை.

சோப்புப் போடாமல் படுத்தேன்.